எங்கள் தூங்குமூஞ்சி மரத்துக்கும் ஒரு எண் உண்டு: ட்ரீஸ்.எஸ்ஜி

சிங்கப்பூரில் இருப்பவர்கள் கைப்பேசியில் ட்ரீஸ்.எஸ்ஜி பக்கத்தை ஒருமுறையாவது திறந்து பாருங்கள். தேசியப் பூங்காக் கழகம் 2018ல் கொண்டுவந்த மர வரைபடம் இது, காசு எதுவும் கிடையாது. சாலையோரத்திலும் பூங்காக்களிலும் நிற்கிற 5 லட்சம் மரங்களை ஒவ்வொன்றாகக் குறித்து வைத்திருக்கிறார்கள்.

நான் இதைத் தேடிப் போனது மகளால்தான். எங்கள் புளோக்குக்கு எதிரே உள்ள பேருந்து நிறுத்தத்தில் குடை விரித்த மாதிரி ஒரு பெரிய மரம், பொழுது சாயும்போது இலையெல்லாம் மூடிக்கொள்ளும். "இது என்ன மரம்பா?" என்றாள். ஊரில் தூங்குமூஞ்சி மரம் என்போம், மலாய்க்காரர்கள் 'புக்குல் லிமா', அதாவது ஐந்து மணி என்பார்கள் என்று சொன்னேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாது. வரைபடத்தில் அந்த இடத்தைத் தொட்டதும் மரத்துக்கென்று ஒரு எண், இனம், உயரம், அடிமரத்தின் சுற்றளவு எல்லாம் வந்தது. சுற்றளவு சரிதானா பார்க்கலாம் என்று இரண்டு பேரும் கை கோத்து அணைத்துப் பார்த்தோம், எட்டவே இல்லை. இத்தனை வருடம் அந்த மரத்தடியில் நின்றுதான் பஸ் ஏறுகிறேன், அன்றைக்குத்தான் நிமிர்ந்து முழுசாகப் பார்த்தேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, பூத்திருக்கிற மரங்களை மட்டும் தனியாகக் காட்டச் சொல்லும் வசதி. வறண்ட நாட்கள் முடிந்து மழை விழுந்ததும், பெரும்பாலும் மார்ச், ஏப்ரலிலும் ஆகஸ்ட், செப்டம்பரிலும், ட்ரம்பெட் மரங்கள் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்துத் தள்ளும், சில நாளிலேயே எல்லாம் தரையில் கிடக்கும். அந்தச் சமயத்தில் எந்தப் பக்கம் நடக்கலாம் என்று பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

அப்புறம், அண்மையில் கிளை கழித்த மரங்களையும் தனியாகப் பார்க்கலாம். ரம்பச் சத்தம் கேட்டாலே மரத்தை வெட்டுகிறார்களோ என்று பதறுகிற ஆள் நான், எனக்கு இது பெரிய நிம்மதி. பராமரிப்பு சின்ன விஷயமும் இல்லை. 2017 பிப்ரவரியில் தாவரவியல் தோட்டத்தில் 270 வயதான தெம்புசு மரம் ஒன்று சாய்ந்து ஓர் உயிர் போனது இங்கே யாருக்கும் மறந்திருக்காது. லட்சக்கணக்கான மரங்களில் எது எங்கே நிற்கிறது, எவ்வளவு பெரிசு என்று பதிவு இருந்தால்தான் சோதிக்க வருபவர் நேராக அந்த மரத்திடம் போய் நிற்க முடியும். லேசர் கதிர் வீசி அளக்கும் லைடார் கருவியை வண்டியில் பொருத்திச் சாலையோர மரங்களை அளக்கிறார்கள் என்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

மரபுடைமை மரங்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. முதலில் தாவரவியல் தோட்டத்துத் தெம்புசுவைத் தேடுங்கள், 5 வெள்ளி நோட்டில் இருக்கிறதே, அதுதான் (2017ல் சாய்ந்தது வேறொரு தெம்புசு). வேலி போட்டிருப்பதால் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்பேன். இலவம், மகிழம், ஆனைக்குன்றிமணி என்று நமக்குத் தெரிந்த மரங்கள் இங்கே எத்தனையோ, தமிழ் இந்த நாட்டின் ஆட்சிமொழியும்கூட, அந்தப் பெயர்களையும் பக்கத்தில் போட்டால் ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மாவே இதை வைத்துக்கொண்டு பேத்திக்கு மரம் காட்டுவார்.