எண்ணெய் வண்ணமா, அக்ரிலிக்கா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதி வீட்டு கராஜில் அரூப ஓவியம் தீட்டும் நம்மவர்கள், கண்காட்சித் தேதி நெருங்கினால் அக்ரிலிக் பக்கம் சாய்கிறார்கள். தண்ணீர் ஆவியானால் போதும், மெல்லிய பூச்சு அரை மணிக்குள் காய்ந்துவிடும். காய்ந்தபின் நிறம் சற்று இருளும், அவ்வளவுதான்.

எண்ணெய் வண்ணம் வேறு ரகம். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுத்தான் இறுகும். அதற்கு நாள்கணக்கில் ஆகும். ஆனால் அந்தத் தாமதத்தில்தான் அரூப ஓவியருக்கு வேலையே இருக்கிறது. நேற்றைய நீலம் இன்றும் ஈரமாக இருக்கும். கத்தியால் ஓரத்தை வழித்தால் அடியிலிருக்கும் காவி எட்டிப் பார்க்கும். அதன்மேல் மஞ்சளை இழுத்தால், தட்டில் எவ்வளவு கலக்கினாலும் கிடைக்காத ஒரு பச்சை பிறக்கும். மேல்பூச்சில் அடிப்பூச்சைவிட எண்ணெய் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடிப்பு விழும். தடித்த பூச்சுக்கு வார்னிஷ் அடிக்க ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். (கண்காட்சி அமைப்பாளர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள்!)

நகர மண்டபத்திலுள்ள டர்பன் கலைக்கூடம் போன்ற இடத்தில், விளக்கொளியில் எண்ணெயின் ஆழம் தனியாகத் தெரியும். என் வாக்கு அதற்கே. அவசரமென்றால் அடித்தளத்தை அக்ரிலிக்கில் போட்டு மேலே எண்ணெய் பூசலாம். தலைகீழாகச் செய்தால் உரிந்துவிடும்.