கரையில் ப்ளக் பாயின்ட் கிடையாது: இரண்டு லேப்டாப், மூன்றரை வருஷ அனுபவம்

பாம்பனில் மீன் எடுக்கும் கம்பெனி ஒன்றுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். படகு கரைக்கு வந்ததும் கணவாய், நண்டு, இறால் என்று தரம் பிரித்து எடை போடுவார்கள். ஒவ்வொரு எடையையும் படகின் பெயரோடு லேப்டாப்பில் ஏற்றி, அங்கேயே சின்ன ப்ளூடூத் பிரின்டரில் சீட்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். உட்காரும் இடம் ஓலைக் கொட்டகை. அதிகாலை ஐந்து மணிக்குத் திறந்தால் சில நாள் பத்து, பத்தரை வரை மூட முடியாது. நடுவில் பேட்டரி நின்றால், எடை போட்ட கூடையை மறுபடி தராசில் ஏற்றச் சொல்ல வேண்டிவரும். இரவெல்லாம் கடலில் கிடந்து வந்தவர்களிடம் அதைச் சொல்ல எனக்கு மனசு வராது.

முதல் லேப்டாப்பை 2022 ஜூலையில் வாங்கினேன். "வேகமாக இருக்கணும், பேட்டரி பெரிசா இருக்கணும்" என்று கடையில் கேட்டேன். எச் வகை ப்ராசஸர், தனி கிராஃபிக்ஸ் கார்டு, 144 ஹெர்ட்ஸ் திரை, 57 வாட்-அவர் பேட்டரி உள்ள ஒன்றைக் கொடுத்தார்கள். வாட்-அவர் என்பது பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்ற அளவு. நான் கேட்ட இரண்டும் அதில் இருந்தன. ஆனால் கரையில் மூன்று மணி நேரம்கூட முழுசாக நிற்கவில்லை. எட்டு மணிக்கு முன்னாலேயே சிவப்புக் கோடு வந்துவிடும்.

அடுத்த ஜனவரியில் இன்டெல் கோர் ஐ5 1235யூ ப்ராசஸர் உள்ள இன்னொன்று வாங்கினேன். அதன் பேட்டரி 42 வாட்-அவர்தான், பழையதைவிடச் சிறியது. அதே கொட்டகை, அதே வேலை, அதே வெளிச்சம். ஐந்தேகால் மணி நேரம் நின்றது. வீட்டில் திரை வெளிச்சத்தைக் குறைத்துவைத்து எழுதினால் எட்டு மணி நேரத்தைத் தொட்டது. சிறிய பேட்டரி ஏன் அதிக நேரம் நிற்கிறது என்று புரிந்துகொள்ள எனக்குப் பல மாதம் ஆனது.

கடையில் எத்தனை கோர், எத்தனை ஜிபி ரேம் என்று கேட்கிறோம். ப்ராசஸர் பெயரின் கடைசி எழுத்தைக் கேட்பதில்லை. இன்டெலின் 12ஆம் தலைமுறையில் யூ என்று முடிந்தால் அடிப்படை மின்செலவு பெரும்பாலும் 15 வாட், பி என்றால் 28, எச் என்றால் 45. ஏஎம்டி ரைசன் 5000 வரிசையிலும் யூ 15 வாட், எச் பெரும்பாலும் 45 வாட். இது நிலையாக ஓடும்போது உள்ள அளவு. அவசரத்துக்குச் சில நொடிகள் இதைத் தாண்டிப் போகும். என் 1235யூ 55 வாட் வரை போகலாம், அதே தலைமுறையின் எச் வகையான 12450எச் 95 வரை போகலாம். அந்த எல்லையை எங்கே நிறுத்துவது என்பதை லேப்டாப் செய்கிறவர்கள் மாடலுக்கு மாடல் மாற்றிவைப்பதும் உண்டு. அதனால் ஒரே ப்ராசஸர் உள்ள இரண்டு லேப்டாப் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

இதை எனக்குச் சரியாக விளங்கவைத்தவர் ஒரு விசைப்படகு டிரைவர். "முக்கால் வேகத்துல போனா டீசல் ஒரு கணக்கு. முழு வேகம் வச்சா கொஞ்சம்தான் முந்துவோம் தம்பி, டீசல் ஒன்றரை மடங்கு போயிரும்" என்றார், வேறு ஏதோ பேச்சில். ப்ராசஸரும் அப்படித்தான். வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் அதற்குக் கொடுக்கும் வோல்டேஜையும் கூட்ட வேண்டும். மின்செலவோ வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். கடைசிக் கொஞ்ச வேகத்துக்குத்தான் விலை அதிகம்.

பழைய லேப்டாப்பின் குறையை எச் எழுத்தின் மீது மட்டும் போடுவதும் நியாயமில்லை. சும்மா இருக்கும்போது இரண்டு ப்ராசஸருக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அதைச் சுற்றி இருந்தவைதான் தின்றன. தனி கிராஃபிக்ஸ் கார்டு தூங்காமல் விழித்திருந்தது. திரை நொடிக்கு 144 முறை மாறிக்கொண்டிருந்தது. ஒரு செல்லில் எண் தட்டினால்கூட ப்ராசஸர் உச்சத்துக்குப் பாய்ந்து இறங்கியது. அந்த லேப்டாப் இப்போது இன்ஜினியரிங் படிக்கும் என் அக்கா மகனிடம் இருக்கிறது. அவன் திரையை 60 ஹெர்ட்ஸில் வைத்து, பேட்டரியில் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டை நிறுத்தி, விண்டோஸ் பவர் மோடைச் சிக்கனத்துக்கு மாற்றினான். "நாலு மணி நேரம் வருது மாமா" என்று போன் பண்ணினான். அவனுக்கு வரைபட மென்பொருள் ஓட்ட வேண்டும், அதற்கு அந்த மெஷின்தான் பொருத்தம். என் வேலைக்குப் பொருந்தாததை நான் வாங்கியிருந்தேன்.

என்ன வேலைக்கு எவ்வளவு போகிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் பேட்டரியிலிருந்து எத்தனை வாட் வெளியேறுகிறது என்று அந்த நேரத்திலேயே காட்டும். பேட்டரியின் வாட்-அவரை அந்த வாட்டால் வகுத்தால் மணி கிடைத்துவிடும். என் 1235யூ, வீட்டில் குறைந்த வெளிச்சத்தில் எழுதும்போது 5 வாட் சுற்றி எடுக்கிறது. கொட்டகையில் 8. வீடியோ கால் பேசினால் 13, 14. ஐந்துக்கும் எட்டுக்கும் நடுவிலுள்ள மூன்று வாட்டில் பெரும்பங்கு திரை வெளிச்சம்தான். வெயில் ஏற ஏற எழுத்து தெரியாமல் வெளிச்சத்தை முழுசாக ஏற்ற வேண்டியிருக்கிறது. கடலுக்கு முதுகு காட்டி, கூரையின் உட்பக்கமாக உட்கார ஆரம்பித்த பிறகு எழுபது சதவீத வெளிச்சமே போதுமானதாக இருக்கிறது. காசு செலவில்லாமல் அரை மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது.

நான் எதிர்பார்க்காத இடம் எக்ஸெல். ஒரு சீசன் முழுவதற்கும் ஒரே கோப்பு வைத்திருந்தேன். ஒரு எடையைத் தட்டியதும் ஆயிரக்கணக்கான வரிகளுக்கு மொத்தக் கூட்டலையும் அது மறுபடி போடும். ஒவ்வொரு தட்டலுக்கும் 8 வாட் 20ஐத் தாண்டிக் குதித்ததைக் கண்ணால் பார்த்தேன். ஒரு காலையில் முந்நூறு, நானூறு தட்டல் இருக்கும். கோப்பை மாதவாரியாகப் பிரித்து, கணக்கிடுதலை மேனுவலுக்கு மாற்றினேன். சீட்டு எடுக்கும்போது மட்டும், கூட்டலை மறுபடி போடச் சொல்லும் எஃப்9 விசையைத் தட்டுகிறேன். அந்தக் குதிப்பு நின்றுபோனது. ப்ராசஸர் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் அதை ஓயவிட்டால்தான் அந்தச் சிக்கனம் நமக்கு வரும்.

இணையமும் அப்படித்தான். போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டதும் விண்டோஸ் அப்டேட் இறங்கத் தொடங்கும். அந்த இணைப்பை 'மீட்டர்டு', அதாவது அளவோடு செலவழிக்க வேண்டியது, என்று குறித்துவைத்தால் பெரும்பாலும் இறங்காது. குரோமில் திறந்தபடி கிடக்கும் செய்தித் தளங்களை மூடிவிடுங்கள், அவற்றின் விளம்பரங்கள் ப்ராசஸரைத் தூங்கவிடுவதில்லை. யூட்யூப் அதிகம் பார்ப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்கலாம். அது இப்போது பல வீடியோக்களை ஏவி1 என்ற சுருக்கிய வடிவில் அனுப்புகிறது. இன்டெலில் 11ஆம் தலைமுறை முதலும், ஏஎம்டியில் ரைசன் 6000 முதலும் அதைப் பிரிக்கத் தனிப் பகுதி உண்டு. அதற்கு முந்தைய லேப்டாப்பில் அந்த வேலை முழுவதும் கோர்கள் தலையில் விழும், பேட்டரி வேகமாக இறங்கும்.

மூடிவைத்தால் தூங்குகிறது என்று நம்பியும் ஏமாந்திருக்கிறேன். ராமநாதபுரத்துக்குப் பஸ்ஸில் போய் இறங்கிப் பையைத் திறந்தால் லேப்டாப் கொதிக்கிறது, பேட்டரியில் கால்வாசி போயிருக்கிறது. புதிய லேப்டாப்புகளின் ஸ்லீப் நிலை போனைப் போல, அவ்வப்போது விழித்துக்கொள்ளும். மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி, அதாவது வேலையைச் சேமித்துவிட்டு முழுசாக அணையும்படி, மாற்றிவிட்டேன். திறக்கச் சில நொடி அதிகமாகும், அவ்வளவுதான்.

அப்புறம் நம் ஊர் வெயில். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் நிற்கும் என்பது ஒன்று, எத்தனை வருஷம் அப்படி நிற்கும் என்பது வேறு. லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. முழு சார்ஜோடு சூட்டில் கிடந்தால் இன்னும் கெடுதல். முதல் லேப்டாப்பை வீட்டில் எந்நேரமும் ப்ளக்கில் நூறு சதவீதத்தில் வைத்திருந்தேன், பைக் பெட்டியில் வெயிலில் விட்டிருந்தேன். மூன்றாம் வருஷம் டச்பேட் மேலே எழும்பத் தொடங்கியது. அடியில் பேட்டரி உப்பியிருந்தது. இப்படிக் கண்டால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். அழுத்தாமல், சார்ஜ் போடாமல் உடனே கழற்ற ஆள் பாருங்கள்.

அதனால் இரண்டாவதற்குச் சார்ஜ் 80 சதவீதத்தோடு நிற்கும்படி வரம்பு வைத்தேன். கரைக்குப் போகும் நாளில் மட்டும் நாலு மணிக்கு எழுந்து வரம்பை எடுத்துவிட்டு முழுசாக ஏற்றுகிறேன். நூறில் அது இருப்பது ஒரு மணி நேரம்கூட இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் போகாது, எனக்கும் கரையில் வேலை குறைவு. அப்போது பாதி சார்ஜில் நிழலான அலமாரியில் வைத்துவிடுவேன். விண்டோஸில் 'பவர்சிஎஃப்ஜி' கட்டளை மூலம் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தால் புதிதில் இருந்த கொள்ளளவும் இப்போது உள்ளதும் அடுத்தடுத்து வரும். மூன்று வருஷத்தில் 42 வாட்-அவர் 35 ஆகக் குறைந்திருக்கிறது. இந்தச் சூட்டுக்கு இது நல்ல நிலை என்றே நினைக்கிறேன். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உப்பும் மணலும் விசிறிக்குள் போகும். வருஷத்துக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்யச் சொல்கிறேன்.

யூ வகையில் எனக்கு மிகவும் பிடித்தது சார்ஜர். 65 வாட் டைப்-சி போதும். படகில் உள்ள 12 வோல்ட் பேட்டரியிலேயே கார் சார்ஜர் வைத்து ஏற்றிவிடலாம், இன்வெர்ட்டர் வேண்டாம். லேப்டாப்புக்கு ஏற்ற 20,000 எம்ஏஹெச் பவர் பேங்கில் 74 வாட்-அவர் இருக்கும், சேதாரம் போக என் லேப்டாப்பை ஒருமுறை முழுசாக ஏற்றிவிடும். பழையதற்குச் செங்கல் கனத்தில் ஒரு அடாப்டர், அதற்குச் சுவர் ப்ளக்தான் கதி.

இப்போது வாங்குபவர்கள் எழுத்தை மட்டும் நம்பவும் கூடாது. கோர் அல்ட்ரா 155எச் என்பதன் அடிப்படை 28 வாட்தான், பழைய 45 இல்லை. 2024இல் வந்த கோர் அல்ட்ரா 200வி வரிசை பேட்டரிக்காகவே செய்தது. ஸ்னாப்டிராகன் எக்ஸ், ஆப்பிளின் எம் வரிசை இரண்டும் ஆர்ம் வகை, அதாவது இன்டெல், ஏஎம்டியிலிருந்து வேறான வடிவமைப்பு, இன்னும் நீண்ட நேரம் நிற்கும். ஆனால் ஆர்ம் விண்டோஸில் பிரின்டர், தராசு இவற்றை இயக்கத் தனி டிரைவர் மென்பொருள் வேண்டும். உங்கள் கருவிக்கு அது இருக்கிறதா என்று கேட்காமல் காசு கொடுக்காதீர்கள். என் எடைத்தராசுக்கு இல்லை. அதனால் நான் 1235யூவிலேயே இருக்கிறேன். அடுத்த தடைக்காலம் தொடங்கியதும் ராமநாதபுரம் போய் இதற்குப் புதுப் பேட்டரி மட்டும் போட்டுக்கொண்டு வருவதாக இருக்கிறேன்.