மாட்ரிட் மாலை வகுப்பு: உடம்புக்கு முடியாதபோது பேசும் ஸ்பானிஷ்

மெட்ரோ படியில் கால் பிசகி, மருந்துக்கடையில் வாய் திறக்க வழியில்லாமல் கணுக்காலைத் தொட்டுத் தொட்டுக் காட்டிய பிறகுதான் இந்த வகுப்பில் சேர்ந்தேன். ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு மாலை, எட்டுப் பேர். கொடுத்த பணம் வீண் போகவில்லை, ஆனால் ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும்.

முதலில் நல்லது. காயம், நோய் பற்றிய பாடம் 'மே துவேலே லா கபேதா' என்று தொடங்கும். ஆங்கிலம் வழியாக யோசித்தவர்கள் "என் தலை என்று ஏன் சொல்லக் கூடாது?" என்று அரை மணி நேரம் திணறினார்கள், எனக்கோ அது நம்ம 'எனக்குத் தலை வலிக்கிறது' அப்படியே கண்முன் வந்து நின்ற மாதிரி இருந்தது. மே என்றால் எனக்கு. வலிப்பது ஒன்று என்றால் துவேலே, கண் இரண்டும் வலித்தால் துவேலென். அடுத்து 'மே ரொம்பீ எல் பிராத்தோ', அதாவது கையை உடைத்துக்கொண்டேன். நாம் 'கொண்டேன்' போடும் இடத்தில் அவர்கள் முன்னால் ஒரு 'மே' போடுகிறார்கள்! விரலை வெட்டிக்கொண்டேன், காலைச் சுளுக்கிக்கொண்டேன் எல்லாம் இதே அச்சுதான். தமிழர்கள் யாராவது சேர்ந்தால் ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தமிழிலேயே யோசியுங்கள்.

'எஸ்தோய் மாலா' என்றால் எனக்கு உடம்பு சரியில்லை, 'சோய் மாலா' என்றால் நான் கெட்டவள். இதையும் பொறுமையாகச் சொல்லித் தந்தார்கள்.

குறை என்னவென்றால், ஆங்கிலச் சொல் போலவே இருந்து வேறு பொருள் தரும் சொற்களுக்குப் பத்தே நிமிடம்தான். ஸ்பெயினில் 'கொன்ஸ்திபாதோ' என்றால் சளி பிடித்திருக்கிறது, மலச்சிக்கல் இல்லை. 'எம்பரதாதா' என்றால் கர்ப்பிணி, ஆங்கில 'எம்பரஸ்டு' போல வெட்கப்பட்டவள் இல்லை. 1980இல் ஃபுளோரிடாவில் ஒரு கியூபக் குடும்பம், சாப்பிட்ட ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, மயங்கிக் கிடந்த 18 வயதுப் பையனைப் பற்றி 'இன்தொக்சிகாதோ' என்று சொன்னது, மருத்துவர்கள் அதைப் போதைமருந்து என்று எடுத்துக்கொண்டார்கள், மூளையில் இரத்தம் கசிந்தது இரண்டு நாள் கழித்தே தெரிந்தது, பையனுக்குக் கை கால் விழுந்துவிட்டது. இவ்வளவு நடந்திருக்கும் ஒரு விஷயத்துக்குப் பத்து நிமிடம் போதுமா?

அப்புறம், உச்சரிப்புப் பயிற்சி முழுக்க மாட்ரிட் வழக்கில்தான். மெக்சிகோ போகிறவர்களுக்குக் 'கபேதா' அங்கே 'கபேசா'தான், சேரும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.