சிங்க் பொத்தான் இல்லாத பெட்டி: கையால் செய்த டிஜே கன்ட்ரோலருடன் நீண்ட காலப் பழக்கம்

இரண்டு பாடல்களின் தாளத்தைக் காதால் மட்டுமே கேட்டு ஒன்றுசேர்க்கப் பழக வேண்டும். அதற்காகவே, கணினியில் ஓடும் பாடல்களைக் கையால் இயக்கிக் கலக்க உதவும் இந்த டிஜே கன்ட்ரோலரை நானே செய்தேன். ஓர் ஆண்டுக்கும் மேலாக இதில்தான் பயிற்சி. கடையில் கிடைக்கும் கன்ட்ரோலர்கள் பெரும்பாலானவற்றில் சிங்க் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் மென்பொருளே வேகத்தைச் சமன்செய்துவிடும். என் பெட்டியில் அந்தப் பொத்தானுக்கு இடமே ஒதுக்கவில்லை. பாடலின் வேகத்தை மாற்றும் இரண்டு டெம்போ ஃபேடர் (நகர்த்தும் குமிழ்), பாடலைச் சற்றே முன்னும் பின்னும் தள்ளும் இரண்டு ஜாக் வீல் (சுழல் வட்டு), ப்ளே, பாடலைக் குறித்த இடத்துக்குக் கொண்டுபோகும் கியூ, ஒலியளவு, ஹெட்போன் தேர்வு, அவ்வளவுதான்.

உள்ளே இருப்பது, நிரல் எழுதி இயக்கக்கூடிய சிறு மின்னணுப் பலகையான ஆர்டுயினோவில் லியோனார்டோ வகை. அதன் ஏடிமெகா32யு4 சில்லிலேயே யுஎஸ்பி வசதி இருப்பதால், கணினி அதை நேரடியாக ஒரு மிடி (இசைக் கருவிகளும் கணினியும் செய்தி பரிமாறும் முறை) கருவியாக ஏற்றுக்கொள்கிறது. ஆர்டுயினோ ஊனோ ஆர்3 பலகையின் முதன்மைச் சில்லில் அந்த வசதி கிடையாது. பாடல்களை ஓடவிடுவது மிக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருள்.

இப்படி ஒரு பெட்டியைச் செய்ய நினைப்பவர்கள் பணத்தையும் பொறுமையையும் முதலில் டெம்போ ஃபேடரில் போடுங்கள். அதன் எல்லையை இருபுறமும் 8 சதவீதமாக வைத்திருக்கிறேன்; 1979இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிளில் இருந்த அதே அளவு. சாதாரண மிடி செய்தி 7 பிட். 0 முதல் 127 வரை மொத்தம் 128 படிகள்தான். 16 சதவீத அகலத்தை அதில் பங்கிட்டால் ஒரு படிக்கு 0.125 சதவீதம் வரும். கேட்பதற்குச் சிறியதாகத் தெரியும். ஆனால் ஒரு படி தள்ளி நிற்கும் பாடல் ஒரே நிமிடத்தில் 75 மில்லி விநாடி விலகிவிடும். 128 பிபிஎம் (நிமிடத்துக்கு 128 அடி) பாடலில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி சுமார் 469 மில்லி விநாடி. அதில் 75 விலகினால் இரண்டு பாடல்களின் கிக் டிரம்களும் (தாளத்தின் கனத்த அடி) தனித்தனியாகக் காதில் விழும். சரியான வேகம் இரண்டு படிகளுக்கு நடுவே இருந்துவிட்டால் ஃபேடரை எப்படி நகர்த்தினாலும் அங்கே போய் நிற்காது. பழகுபவருக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. பிழை தன் காதில் இருக்கிறதா, கருவியில் இருக்கிறதா என்று அவரால் பிரித்தறியவே முடியாது.

அதனால் மிடியிலேயே உள்ள, பிட்ச் பெண்ட் என்னும் 14 பிட் செய்தி வகையைப் பயன்படுத்தினேன். அந்தச் செய்தியில் 16,384 படிகள் உண்டு. பலகை மின்னழுத்தத்தை 1,024 நிலைகளாகத்தான் அளக்கும் என்றாலும், ஒரு படிக்கான விலகல் நிமிடத்துக்கு 9 மில்லி விநாடியாகக் குறைந்துவிடுகிறது. இவ்வளவு நுணுக்கமாக அளக்கும்போது கடைசி இலக்கம் அலைபாயும். ஃபேடரின் நடுக்காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று, பல அளவுகளின் சராசரி, மதிப்பு உண்மையிலேயே மாறினால் மட்டும் செய்தி அனுப்புதல் ஆகிய மூன்றும் சேர்ந்தபின் அந்த நடுக்கம் நின்றது. ஃபேடர் 100 மில்லிமீட்டர் நீளமுள்ள லீனியர் வகையாக இருக்கட்டும். நடுவில் 'டக்' என்று நிற்கும் வகை வேண்டாம். பூஜ்ஜியத்தை ஒட்டிச் சிறு திருத்தம் செய்யும்போது அந்தப் பள்ளம் விரலை இழுத்துக்கொள்ளும்.

ஜாக் வீலுக்கு ஒரு சுற்றுக்கு 600 துடிப்பு தரும் ஆப்டிகல் என்கோடர் (சுழற்சியை ஒளியால் அளக்கும் உணரி). சுற்றுக்கு 20 படி உள்ள மலிவான குமிழ் என்கோடரில், பாடலை மயிரிழை அளவு முன்னே தள்ளுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

கட்டி முடித்த பிறகுதான் உண்மையான வேலை. வேகம் மாறினாலும் சுருதியை மாறாமல் வைத்திருக்கும் கீ லாக்கை மென்பொருளில் அணைத்துவிடுகிறேன். அப்போது வேகம் மாறினால் சுருதியும் மாறும், காதுக்கு அது ஒரு துணை. பாடலை ஏற்றியதும் கணினித் திரையையும் அணைத்துவிடுகிறேன். அலைவடிவம் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும்வரை காது உழைக்காது. இதை உறுதியாகச் சொல்வேன்.

தொடக்கத்தில் ஒரே பாடலை இரண்டு பக்கமும் ஓடவிடுவது நல்ல பயிற்சி. இரண்டும் மிகச்சரியாகப் பொருந்தும்போது ஓசை குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் உள்ளீடற்றுச் சுழலும். கொஞ்சம் விலகினால் கிக் இரட்டையாகத் தட்டும். எது முந்துகிறது என்று தெரியாவிட்டால் ஜாக் வீலை ஒரு பக்கம் லேசாகத் தள்ளிப் பாருங்கள். இடைவெளி கூடினால் மறுபக்கம். ஒரே திசையில் மீண்டும் மீண்டும் தள்ள வேண்டியிருந்தால், ஃபேடரும் அந்தத் திசையில்தான் நகர வேண்டும். பெரிய விலகலைக் கிக் காட்டிக்கொடுக்கும். நுணுக்கமான விலகலுக்கு ஹை-ஹேட்டை (டிரம் செட்டில் உள்ள சிறு தாளத் தட்டு ஜோடி) கேளுங்கள். கிக்கின் கனத்த ஓசையில் மறைந்துபோகும் இடைவெளி, ஹை-ஹேட்டின் குறுகிய ஓசையில் பளிச்சென்று தெரியும்.

ஒரு காதில் ஹெட்போன், மறு காதில் ஸ்பீக்கர் என்று கேட்க, நான்கு வெளியீடு உள்ள ஒலி அட்டை தேவை. அது இல்லாதவர்கள் இடது சேனலை ஸ்பீக்கருக்கும் வலது சேனலை ஹெட்போனுக்கும் பிரிக்கும் கேபிளை வைத்துத் தொடங்கலாம். ஓசை மோனோவாகத்தான் வரும், பழகுவதற்கு அது போதும்.

நீண்ட காலப் பயன்பாட்டில் கவனிக்க வேண்டியவை இரண்டு. சிறிய பலகைகளில் உள்ள மைக்ரோ யுஎஸ்பி துளை, கேபிள் இழுபட்டால் பெயர்ந்துவிடும். பெட்டியின் சுவரில் தனித் துளை பொருத்தி, உள்ளே குட்டைக் கேபிளால் இணைப்பது பாதுகாப்பு. ஃபேடரின் கார்பன் தடம் தூசியாலும் தேய்மானத்தாலும் கரகரப்பாகும். அதைப் பலகையோடு பற்றவைக்காமல் பிளக் வைத்து இணைத்தால் இரண்டு திருகைக் கழற்றி மாற்றிவிடலாம். என் பெட்டியில் அப்படித்தான் மாற்றினேன்.

உடனே மேடையேற வேண்டும் என்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்குக் கடைக் கருவியே ஏற்றது. காதைத் தீட்ட விரும்புபவர்களுக்கு இந்த உழைப்பு முழுவதும் தகும். கணினியில் உருவாக்கிய நடன இசையை இப்போது என்னால் நம்பிக்கையோடு சேர்க்க முடிகிறது. இப்போது பழகிக்கொண்டிருப்பது, டிரம்மர் நேரடியாக வாசித்துப் பதிவான பழைய பாடல்களை. அவற்றில் பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையிலேயே வேகம் நழுவும். ஃபேடரை ஓரிடத்தில் வைத்துவிட்டு விரலை எடுக்க முடியாது. கலவை முடியும்வரை கை ஜாக் வீலிலேயே இருக்க வேண்டும்.