பார்ன் வீட்டு பிளான் வாங்குமுன் ஓரக் குறிப்பைப் படியுங்கள்

செங்கோட்டையை அடுத்த புளியரைப் பக்கம் எங்கள் தோப்பில் சின்னதாக ஒரு வீடு கட்ட ஆசைப்பட்டோம். அமெரிக்கப் பண்ணைகளில் வைக்கோல் அடைக்கும் பார்ன் கொட்டகை மாதிரி, கூரை பாதியில் மடிந்து இறங்கும் வீடு. 24-க்கு 30 அடி. கீழே கூடமும் அம்மாவுக்கு ஒரு அறையும், மேலே மச்சு.

பக்கத்து டவுனில் பிளான் போடுகிற ஒருவர், "உங்க இடத்துக்குன்னே வரைஞ்சு தாரேன்" என்று 22,000 ரூபாய் வாங்கினார். தோப்புக்கு ஒருமுறைகூட வரவில்லை.

கூரையைத் தாங்கும் இரும்புச் சட்ட (டிரஸ்) வேலைக்கு ஆரியங்காவிலிருந்து வந்த வெல்டிங்காரர்தான் கண்டுபிடித்தார். தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த ஆங்கிலக் குறிப்பைக் காட்டி, "அண்ணாச்சி, சதுர அடிக்கு 30 பவுண்டு பனிப்பாரம்னு போட்டிருக்கு. காத்துக்கு ஒண்ணுமே காணோமே" என்றார். எனக்குப் பகீரென்றது. எங்கோ பனி கொட்டும் ஊருக்குப் போட்ட பிளானில் என் பேரை எழுதி விற்றிருக்கிறார்.

பனி கூரையை அழுத்தும். எங்கள் ஊர்க் காற்று கூரையைத் தூக்கும். ஆனி, ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய் வழியாக வரும் காற்று எப்படி என்று இங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். இந்தக் கூரையின் கீழ்ச்சரிவு கிட்டத்தட்ட செங்குத்து, சுவர்போல நின்று காற்றை வாங்கும். அதைச் சுவரோடு பிடிக்கும் போல்ட் எத்தனை, எவ்வளவு ஆழம் என்று ஒரு வரி இல்லை. கூரை சுவரைத் தாண்டி அரையடிகூட நீளவில்லை. சாரல் நேரே சுவரில்தான் அடிக்கும். மடிப்பில் தண்ணீர் இறங்காமல் ஷீட்டை எப்படிப் படியவைப்பது என்பதும் இல்லை.

வெளிச்சுவர் மரச்சட்டத்துக்குப் போட்ட 6 அங்குலம். நாம் செங்கல்லில் 9 கட்டுவோம், பூச்சு வேறு; அறை அந்த அளவு சுருங்கிவிடும். அம்மா அறையில் கட்டில் போட்டால் கதவு முழுசாகத் திறக்காது.

கேட்கப் போனேன். "பிளான் கொடுத்தாச்சு, பணம் திரும்ப வராது" என்று சொல்லிவிட்டார்.

பார்ன் வீடு வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்களுக்கு இன்னும் அந்த ஆசை இருக்கிறது. ஆனால் இடத்தைப் பார்க்க வராதவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். காற்றுப் பாரத்தை, அதற்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதிப்படி கணக்குப் போட்டு, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்தோடு தருவாரா என்று முதலிலேயே கேளுங்கள். அப்புறம் மச்சில் நிமிர்ந்து நிற்க எத்தனை அடி அகலம் கிடைக்கும் என்று குறுக்குவெட்டுப் படத்தில் அளந்து காட்டச் சொல்லுங்கள். சரிவுக்கு அடியில் போகும் இடத்தையும் சேர்த்துத்தான் பரப்பளவு சொல்கிறார்கள்.

ஆடி முடிவதற்குள் வேறொரு இன்ஜினியர் தோப்புக்கு வந்து, காற்றை நேரில் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை கம்பி வாங்கப் போவதில்லை.