பம்ப் பெயின்ட்பால் கன்: பால் ஃபீட் ஆகலைன்னா ஹாப்பரை மாத்தணுமா, டிடென்ட்டை மாத்தணுமா?

ஒவ்வொரு ஷாட்டுக்கும் கையால பம்பை இழுத்துத் தள்ளுற பம்ப் கன்ல, பால் (பெயின்ட் நிறைச்ச உருண்டை) உள்ளயே உடையுதுன்னு சொன்னாலே போதும், "நல்ல ஹாப்பரா வாங்கிப் போடு"ன்னு நாலு பேர் வந்துருவாங்க, ஹாப்பர்ங்குறது கன் மேல பாலை நிரப்பி வெக்குற டப்பா. ஆனா பால் முழுசா இறங்காம போல்ட்ல (பாலைப் பேரலுக்குள்ள தள்ளுற உருளை) அறுபடுதா, இல்ல ரெண்டு பால் சேந்து இறங்கி நசுங்குதான்னு முதல்ல பாக்கணும், ஏன்னா ஒண்ணுக்குப் பண்ற வைத்தியம் இன்னொண்ண இன்னும் மோசமாக்கிரும்.

கேஸ் சிலிண்டரைக் கழட்டிட்டு உள்ள மிச்சம் இருக்குறதையும் வெளிய விட்டுட்டு, மாஸ்க்கும் போட்டுக்கிட்டு பேரலைக் கழட்டுங்க. பம்பைப் பின்னாடி இழுத்து வெச்சு நாலஞ்சு பால் போட்டு, கன்னோட மூக்கை லேசா கீழ சாய்ங்க. முதல் பால் டிடென்ட்ல, அதாவது பாலை முன்னாடி உருளவிடாம பிடிக்குற சின்ன தடுப்புல, முட்டி அங்கயே நிக்கணும். அது நழுவி முன்னாடி ஓடிருச்சுன்னா அடுத்த பால் அந்த இடத்துல வந்து உக்காந்துரும், அதான் டபுள் ஃபீட். இதுக்கு எந்த ஹாப்பரும் உதவாது, தேஞ்ச டிடென்ட்டையோ வளைஞ்ச கம்பியையோ மாத்துங்க, ஹாப்பரை விட எவ்வளவோ சல்லிசு.

டிடென்ட் நல்லா இருந்தும் பால் அறுபடுதா? அப்ப ஹாப்பரைப் பத்திப் பேசலாம். சாதா கிராவிட்டி ஹாப்பர் லேசு, பேட்டரி கிடையாது, ஆனா வாய்கிட்ட ரெண்டு மூணு பால் ஒண்ணுக்கொண்ணு முட்டுக்குடுத்து அடைச்சுக்கும், அப்பப்ப ஒரு குலுக்கு குலுக்கணும். பம்ப் பண்றதுலயே கன் ஆடுறதால பாதி பிரச்சினை தானா சரியாயிரும். உள்ள துடுப்பு சுத்துற பேட்டரி ஹாப்பர்ல அந்த அடைப்பு வராது, எடையும் சத்தமும் தான் கூடுதல். பாலை மோட்டாரால அழுத்தித் தள்ளுற ஃபோர்ஸ் ஃபீட் ஹாப்பர் வேண்டவே வேண்டாம்ங்குறது என் கட்சி. அது வினாடிக்குப் பத்துப் பதினஞ்சு பால் அடிக்குற எலக்ட்ரானிக் கன்னுக்காக வந்தது, பம்ப்ல மாட்டினா மொத்த வரிசையையும் கீழ அழுத்தி, டிடென்ட் கொஞ்சம் தளந்திருந்தாலும் ரெண்டாவது பாலை உள்ள தள்ளிரும்.

படுக்கை டியூப்ல பத்து பால் போட்டு ஆடுற ஸ்டாக் கிளாஸ் ஆளுங்களுக்கு ஹாப்பர் தொல்லையே இல்ல. ஆனா ஒவ்வொரு ஷாட்டுக்கும் கன்னைச் சாய்ச்சா தான் பால் உருளும், 1981ல முதல் பெயின்ட்பால் ஆட்டத்துல தூக்கிட்டுப் போன நெல்ஸ்பாட் 007 கன்லயும் இதே கதை தான். சாய்க்க சோம்பேறித்தனம்னா ஸ்பிரிங் ஃபீட் இருக்கு, அதுவும் பாலைத் தள்ளுறது தான்ங்குறதால டிடென்ட் கெட்டியா இருக்கணும்.

காசே செலவில்லாத வழி கை தான். அவசரத்துல பம்பை முக்கால்வாசி இழுத்துட்டுத் தள்ளுறவங்க தான் நெறைய பேர், கடைசி வரைக்கும் இழுத்து பால் விழ ஒரு கண்ணிமைக்குற நேரம் குடுத்தாலே பாதி கன் திருந்திரும். ஃபீட் நெக்ல, அதாவது ஹாப்பர்லருந்து பால் இறங்குற குழாய்ல, காஞ்ச பெயின்ட் ஒட்டியிருந்தா அதையும் துடைச்சிருங்க.

அப்புறம் பால். .68 அங்குலம்னு, அதாவது சுமார் 17.3 மில்லிமீட்டர்னு பேரு தான், தோல் ஜெலட்டின்ங்குறதால ஈரக்காத்துல ஊதி நெக்லயே மாட்டிக்கும். சின்ன பாலா இருந்தா வேற தலைவலி, பல பம்ப் கன்ல போல்ட் மூடினதும் பால் டிடென்ட்டைத் தாண்டிருது, அதுக்கப்புறம் பேரலோட பிடி மட்டும் தான். கழட்டி வெச்ச பேரலுக்குள்ள ஒரு பாலைப் போட்டுப் பாருங்க, தானா நின்னு, லேசா ஊதினா வெளிய வரணும். சும்மா சாய்ச்சதுக்கே உருண்டு விழுதுன்னா இன்னும் கொஞ்சம் டைட்டான பேரல் பாருங்க, இல்ல பாலோட பிராண்டை மாத்துங்க.