திருச்சியில் கேம் டிஸ்க் வாடகைக்கு எடுக்கப் போனோம்

பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து பிள்ளைகளோடு திருச்சி போகிறவர்கள் சிலர், அங்கே பிளேஸ்டேஷன் கேம் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டிருந்தார்கள். கிடைக்கிறது. ஆனால் பிள்ளை கேட்கிற கேம் கிடைக்குமா என்றால், பெரும்பாலும் இல்லை.

அக்கா வீடு தென்னூரில். மருமகனிடம் டிஸ்க் போடுகிற பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) இருக்கிறது. ‘ஆஸ்ட்ரோ பாட்’ வேண்டும் என்று என் பிள்ளைகள் புறப்படும் முன்பே சொல்லிவிட்டார்கள். 2024இன் சிறந்த கேம் என்று தி கேம் அவார்ட்ஸில் பரிசு வாங்கியது, எங்கும் இருக்கும் என்று நம்பினோம். தில்லை நகரில் ஒரு குறுக்குத் தெருவில், மாடியில் இருக்கும் கடைக்கு மருமகன் கூட்டிப்போனான். பிஎஸ்4 காலத்தில் அங்கே சுவர் முழுக்க நீல டிஸ்க் பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். இப்போது ஒரே ஒரு தட்டு. கால்பந்து கேமான எஃப்சி, மல்யுத்த கேமான டபிள்யூடபிள்யூஇ 2கே, ஜிடிஏ 5, ஸ்பைடர்மேன், டெக்கன் 8, கிரிக்கெட் 24. மீதிச் சுவரில் ஜாய்ஸ்டிக் உறையும் போன் கவரும் தொங்குகின்றன. ஜிடிஏ 5 முதலில் வந்தது 2013இல், பிஎஸ்3க்கு. என் மகளைவிட வயதில் மூத்த கேம் இன்னும் முன்வரிசையில்தான் நிற்கிறது.

“ஆஸ்ட்ரோ பாட் எடுக்கலையாப்பா?” என்றேன்.

“கேக்குறவங்க ரெண்டே பேருண்ணா. அதுல ஒருத்தரு நீங்க” என்றார் கடைக்காரத் தம்பி.

கணக்கை அவரே சொன்னார். சோனியின் பெரிய கேம் புதிதாக வந்தால் டிஸ்க் 4,999 ரூபாய். அவர் வாங்கும் வாடகை வாரத்துக்கு 500. போட்ட காசு திரும்பவே பத்துப் பேர் எடுக்க வேண்டும், அதுவும் சூடு ஆறுவதற்குள். “பத்துப் பேர் கைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள ஆஃபர்ல பாதி விலைக்கு வந்துடுது. இல்லன்னா பிளஸ்ல, அதான் சோனியோட மாசச் சந்தாவுல, வந்துடுது. அப்புறம் யாருண்ணா டிஸ்க் கேப்பாங்க?” அதனால் நிச்சயம் ஓடும் என்று தெரிந்ததைத் தவிர வேறு எதையும் வாங்குவதில்லையாம். வியாபாரியாக அவர் சொல்வது சரிதான். ஆனால் கடையே இதனால்தான் பயனற்றுப் போகிறது என்பது என் எண்ணம். எஃப்சியும் டபிள்யூடபிள்யூஇயும் விளையாடுகிறவன் சொந்தமாகவே வாங்கி வருடம் முழுக்க விளையாடுவான். 5,000 கொடுத்து வாங்கலாமா என்று யோசிக்க வைக்கிற, பத்து நாளில் முடிந்துபோகிற கேமுக்குத்தான் வாடகைக் கடை வேண்டும். அந்த வகைதான் தட்டில் இல்லை.

இந்த வியாபாரம் வளர்ந்த கதையே வேடிக்கையானது. தொண்ணூறுகளில் நாங்கள் கறுப்பு, மஞ்சள் கேசட் போட்டு மணிக் கணக்கில் காசு கொடுத்து விளையாடினோம். ‘9999 இன் 1’ என்று மேலே போட்டிருக்கும். உள்ளே நாலைந்து கேமே பெயர் மாறி மாறி வரும். பிஎஸ்2 வந்ததும், திருட்டு டிஸ்க் ஓடும்படி பெட்டிக்குள் ஒரு சிப் அடித்துவிட்டால் திருட்டு டிவிடி ஒன்று நூறு ரூபாய்க்குள் முடிந்தது. அந்த விலையில் வாடகைக்கு யார் எடுப்பார்கள்? பிஎஸ்4இல்தான் திருட்டு டிஸ்க் வேலைக்கு ஆகாமல் போனது. புது கேம் 4,000 ரூபாயைத் தொட்டது. அப்போதுதான் நம் ஊர்களில் ஒழுங்கான வாடகைக் கடை தலையெடுத்தது, அசல் டிஸ்க்கை வைத்து. அந்த வாழ்வு ஐந்தாறு வருடம்தான். 2016இல் ஜியோ வந்து டேட்டா மலிந்தது, பையன்கள் காசில்லாமல் போனில் விளையாடப் போனார்கள். பிறகு வீட்டுக்கு வீடு ஃபைபர். 2022 ஜூனில் பிளேஸ்டேஷன் பிளஸ், எசென்ஷியல், எக்ஸ்ட்ரா, டீலக்ஸ் என்று மூன்றாகப் பிரிந்து, எக்ஸ்ட்ராவில் நூற்றுக்கணக்கான கேம்களைக் கொடுத்தது. போதாததற்கு டிஸ்க் போட இடமே இல்லாத பிஎஸ்5 பெட்டிகள் வேறு. 2024இல் மெலிந்த பிஎஸ்5 இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் உள்ளது 54,990, இல்லாதது 44,990. பத்தாயிரம் மிச்சம் என்று இரண்டாவதை வாங்கியவர், டிஸ்க் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டாத வரை வாடகைக் கடைப் படியை மிதிக்கவே முடியாது.

சரி, எடுக்கிற முறைக்கு வருகிறேன். முன்பணம் 3,000 கேட்டார்கள், ஆதார் நகலும் கேட்டார்கள். நம்மிடம் இருப்பதோ சிங்கப்பூர் அடையாள அட்டை. அது அங்கே செல்லாது. உறவுக்காரர் பெயரில் எடுப்பதுதான் வழி. ஜிபே இல்லாவிட்டால் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். என்ஆர்ஓ கணக்கு (வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வங்கியில் வைக்கும் கணக்கு) இருந்தால் சிங்கப்பூர் போன் எண்ணிலேயே யுபிஐ போடலாம் என்று விதி இருக்கிறது, ஆனால் எல்லா வங்கியும் தருவதில்லை. கிளம்பும் முன் கேட்டுக்கொள்வது நல்லது.

மருமகன் கடைசியில் டெக்கன் 8 எடுத்தான். தம்பி டிஸ்க்கை விளிம்பில் பிடித்து டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துக் காட்டினார். ஓரத்தில் முடிபோல ஒரு கீறல். அதைத் தன் போனில் படம் எடுத்து, மருமகனுக்கும் அனுப்பிவிட்டு, “இது பழசு, இதுக்கு மேல ஒண்ணு விழுந்தா உங்க கணக்கு” என்றார். பெட்டியைத் தரவில்லை; ஒரு துணி உறையில் போட்டுக் கொடுத்தார். பெட்டி கடையிலேயே நிற்க வேண்டுமாம், தட்டு காலியாகத் தெரியக் கூடாதல்லவா!

டிஸ்க் கைக்கு வந்ததும் விளையாடிவிடலாம் என்று நினைக்காதீர்கள். போட்டவுடன் அப்டேட் கேட்கும். 40 எம்பிபிஎஸ் இணைப்பில் 40 ஜிபி இறங்க இரண்டேகால் மணி நேரம் ஆகும், நடுவில் கரண்ட் போகாமல் இருந்தால். இதிலும் மோசமானவை உண்டு. 2022இல் வந்த கால் ஆஃப் டூட்டியின் பிஎஸ்5 டிஸ்க்கில் நூறு எம்பிகூட இல்லை, மற்ற எல்லாமே இணையத்திலிருந்துதான். நின்டெண்டோ ஸ்விட்ச் 2க்கு வரும் சில கார்டுகளும் அப்படித்தான்: கார்டு வெறும் சாவி, கேமை நாம்தான் இறக்கிக்கொள்ள வேண்டும். இப்படி ஒன்றை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்தால் முதல் நாள் இறக்குவதிலேயே போய்விடும்.

டிஸ்க் இல்லை என்றதும் தம்பி இன்னொன்று சொன்னார்: ஐடி வாடகை. கடையின் பிளேஸ்டேஷன் கணக்கை நம் பெட்டியில் போட்டுக் கொடுப்பார்கள், அதில் வாங்கியிருக்கும் கேம்களை மாதத்துக்கு இவ்வளவு என்று விளையாடலாம். இப்போது இதுதான் நிறைய ஓடுகிறதாம். மலிவுதான், நான் வேண்டாம் என்றேன். சோனியின் விதிப்படி கணக்கை இப்படி வாடகைக்கு விட முடியாது. ஒரே ஐடியைப் பலருக்கும் கொடுத்து, பாதியில் கதவு சாத்திக்கொண்டால் யாரிடம் போய்க் கேட்பது? அக்கா தெருவிலேயே ஒரு பையனுக்கு நடந்திருக்கிறது. டிஸ்க் என்றால் கையில் ஒரு பொருளாவது இருக்கும்.

பிள்ளைகளுக்கு ஒரு மாதம் ஓட்ட வேண்டும் என்றால், அங்கே வீட்டில் இருக்கும் பிளேஸ்டேஷன் கணக்கிலேயே பிளஸ் எக்ஸ்ட்ரா சந்தாவை ஒரு மாதத்துக்குப் போட்டுவிடுங்கள். குறிப்பிட்ட கேம்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால், சிங்கப்பூரிலேயே செகண்ட் ஹேண்ட் டிஸ்க் வாங்கிப் பயணப் பெட்டியில் போட்டுக்கொண்டு போவதே மேல். பிஎஸ்4, பிஎஸ்5 டிஸ்க்குகளுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது, அங்கும் ஓடும். ஒரே சிக்கல், டிஸ்க்கின் மண்டல எண்: சிங்கப்பூரில் விற்பது ஆர்-3, இந்தியாவில் விற்பது ஆர்-2. இந்தியக் கணக்கில் வாங்கும் கூடுதல் பகுதிகள் ஆர்-3 டிஸ்க்கோடு சேராது. கூடுதல் ஆள், உடை, வரைபடம் எதுவும் தேவையில்லை என்றால் கவலை இல்லை.

முன்பணம் திரும்ப வாங்கப் போனபோது இதைப் பேச்சுவாக்கில் தம்பியிடம் சொன்னேன். “அப்ப அடுத்த தடவை வரும்போது எனக்கும் நாலு டிஸ்க் எடுத்துட்டு வாங்கண்ணா, அங்க வெல கம்மிதானே” என்றார். விற்பதற்குச் சரக்கு கொண்டு வந்தால் விமான நிலையத்தில் சுங்கக்காரர் விடமாட்டார் என்று சிரித்து வைத்தேன். அவர் விடவில்லை, பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். எஃப்சி இரண்டு, டபிள்யூடபிள்யூஇ ஒன்று, ஜிடிஏ 5 ஒன்று.